சக்கரம் முனகுகிறது, ரிம் சுடுகிறது: பேரிங்கா பிரேக்கா என்று பிரித்தறியும் வழி

மலேசியாவில், பேராக் மாநிலத்துத் தாப்பா வட்டாரத்துக் கார்களுக்கு இரண்டு வகைப் பாதை உண்டு. வார நாட்களில் தோட்டத்துச் செம்மண் சாலை. செம்பனைக் குலை ஏற்றும் லாரி போட்ட தடத்தில் மழைத் தண்ணீர் தேங்கி நிற்கும். அதற்குள் இறங்கித்தான் போக வேண்டும். விடுமுறை வந்தால் 59ஆம் எண் கூட்டரசுச் சாலையில் கேமரன் மலை. ஏறும்போது எஞ்சினுக்கு வேலை. ரிங்லெட்டைத் தாண்டி இறங்கும்போது வளைவுக்கு வளைவு பிரேக்குக்கு வேலை. சேறும் தண்ணீரும் பேரிங்கை (சக்கரம் இலகுவாகச் சுழல உதவும் பந்து வளையம்) அரிக்கும், இறக்கம் பிரேக்கை வாட்டும். ஒரே கார் இரண்டையும் அனுபவிப்பதால், சக்கரத்தில் கோளாறு வந்தால் எது எதைக் கெடுத்தது என்று பிரித்துப் பார்ப்பது இங்கே சற்றுச் சிரமமான வேலை.

"அண்ணே, முன் சக்கரத்துல சத்தம், பேரிங் போச்சு போல" என்று சொல்லிக்கொண்டே பட்டறைக்குள் வண்டியை விடுவார்கள். பட்டறையும் பேரிங்கை மாற்றிக் கொடுக்கும். சில மாதத்தில் அதே பக்கம் மறுபடியும் சத்தம். பொருள் மட்டம் என்று ஸ்பேர் பார்ட்ஸ் கடையைத் திட்டுவோம். பல நேரங்களில் உண்மைக் காரணம் வேறு: அந்தச் சக்கரத்தின் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே இருந்திருக்கும். பிடித்த பிரேக் டிஸ்க்கைச் சூடாக்கும், டிஸ்க் ஹப்பைச் (சக்கரம் பூட்டப்படும் நடுப்பகுதி) சூடாக்கும், ஹப்புக்குள் இருக்கும் கிரீஸ் இளகி, அதை அடைத்து வைக்கும் சீலின் ரப்பர் காய்ந்து இறுகி, பேரிங் வறண்டு அரைபடும். புதுப் பேரிங் போட்டாலும் சூடு அங்கேயேதான் இருக்கிறது.

பால் வெட்டியும் குலை அறுத்தும் வரும் சம்பளத்தில் ஒரே வேலைக்கு இரண்டு முறை காசு கொடுப்பது எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்: சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் பேரிங்குக்குக் காசு கொடுக்காதீர்கள். கீழே சொல்லும் சோதனைகளில் பாதிக்கு மேல் வீட்டு வாசலிலேயே செய்யலாம். மீதியைப் பட்டறையில் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

## வண்டியைத் தூக்கும் முன்

மழை பெய்த செம்மண்ணில் ஜேக் போடவே கூடாது. அடி மண் விலகி ஜேக் சாயும். சிமெண்டுத் தரை வேண்டும். இல்லாவிட்டால் கெட்டிப் பலகையை அடியில் கொடுங்கள். தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜேக் வண்டியைத் தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு ஸ்டாண்டு. ஸ்டாண்டு இல்லாமல் அடியில் தலையை விடாதீர்கள், கையையும் விடாதீர்கள்.

பிரேக்கைத் திறந்ததும் உள்ளே இருக்கும் கருந்தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஈரத் துணியால் துடையுங்கள், அல்லது பிரேக் கிளீனர் அடித்து வழிய விடுங்கள்.

## முதலில் ஓட்டிப் பாருங்கள்

தாப்பாவிலிருந்து பீடோர் போகும் பழைய சாலை இதற்குப் போதும். ரேடியோவையும் ஏர்கோனையும் நிறுத்திவிட்டு, கண்ணாடியை ஏற்றி, 60, 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் சத்தத்தைக் கேளுங்கள். போகும்போது பிரேக்கை முடிந்தவரை தொடாதீர்கள். நிறுத்த வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே எண்ணெய்ப் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, வண்டியைத் தானாக ஓடி அடங்க விடுங்கள். கடைசியில் பிரேக்கை அழுத்தி நின்றால் நான்கு சக்கரமும் சூடாகிவிடும், சோதனை வீணாகும்.

இறங்கியவுடன் ஒவ்வொரு ரிம்முக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோங்கள். தொடாதீர்கள், அருகில் கொண்டுபோனாலே அனல் தெரியும். நான்கும் லேசான வெதுவெதுப்பில் இருந்தால் சரி. முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடக் கொஞ்சம் சூடாக இருப்பதும் இயல்பு, ஏனென்றால் பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னால்தான் சாயும். ஒப்பிட வேண்டியது இடது முன்னை வலது முன்னோடு, இடது பின்னை வலது பின்னோடு. ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அங்கேதான் கோளாறு.

கேமரன் மலையிலிருந்து இறங்கி வந்தவுடன் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். அங்கே நான்கு சக்கரமும் கொதிக்கத்தான் செய்யும். நன்றாக ஆறவிட்டு, பிறகு சமவெளியில் ஓட்டிப் பாருங்கள்.

சூடு பார்க்கும் இன்ஃப்ராரெட் கருவி இப்போது கடைகளில் மலிவாகவே கிடைக்கிறது. ஆனால் பளபளப்பான உலோகத்தில் அது உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். தேய்ந்து மின்னும் டிஸ்க்கில் காட்டும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். துரு பிடித்த ஹப், கறுத்த கேலிப்பர் (பிரேக் பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கவ்வி) போன்ற மங்கலான இடத்தில், இரண்டு பக்கமும் ஒரே இடத்தைக் குறிவைத்து, வித்தியாசத்தை மட்டும் பாருங்கள். கருவி இல்லையா? விரலைத் தண்ணீரில் நனைத்து, டிரம்மின் மேலோ டிஸ்க்கின் விளிம்பிலோ இரண்டு சொட்டு உதறுங்கள். சுள்ளென்று ஆவியானால் 100 டிகிரிக்கு மேல் இருக்கிறது. பிரேக்கே பிடிக்காமல் ஓட்டிய வண்டியில் அது வரக்கூடாது. டிஸ்க்கை ஆற வைக்க வாளித் தண்ணீர் ஊற்றுவது மட்டும் வேண்டாம், கோணிக்கொள்ளும் அல்லது விரிசல் விடும்.

## வேகம் கூடக் கூட முனகல் கூடுகிறது

பேரிங் கெட்டதற்கு முதல் அடையாளம் இதுதான். தூரத்தில் ஆட்டுக்கல் சுற்றுவது போன்ற கனத்த சத்தம், 50-60 கிலோமீட்டரில் தொடங்கி வேகத்தோடு ஏறும். எஞ்சின் சத்தமா என்று பிரிக்க, நேரான, காலியான சாலையில் கிளட்சை மிதித்துப் பாருங்கள். எஞ்சின் வேகம் இறங்கிய பிறகும் முனகல் அதே அளவில் தொடர்ந்தால், சத்தம் சக்கரத்தோடு சுழலும் ஏதோ ஒன்றிலிருந்து வருகிறது.

அடுத்தது எந்தப் பக்கம் என்பது. பாதுகாப்பான இடத்தில், அதே வேகத்தில், ஸ்டியரிங்கை மெல்ல வலப்பக்கம் வளையுங்கள். அப்போது பாரம் இடது சக்கரங்களின் மேல் விழும். முனகல் கூடினால் சந்தேகம் இடதின் மேல். இடப்பக்கம் வளைக்கும்போது கூடினால் வலதின் மேல். பெரும்பாலும் இது சரியாக வரும், எப்போதும் வராது. காருக்குள் சத்தம் இரும்பு வழியாக ஓடி வருவதால், இடது முன் சக்கரத்துச் சத்தம் வலது காதில் கேட்பதும் உண்டு. ஆகவே காதை மட்டும் நம்பிப் பார்ட்ஸ் வாங்கக் கூடாது.

கையால் உறுதி செய்யுங்கள். சக்கரத்தைத் தூக்கி, கியரை நியூட்ரலில் விட்டு, ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றுங்கள். மறு கையைச் சஸ்பென்ஷன் சுருளின் மேல் மெதுவாக வையுங்கள். நல்ல பேரிங் சுற்றும்போது சுருளில் ஒன்றும் தெரியாது. கெட்டுப்போனது மணல் அரைப்பது போல விரல் நுனியில் நறநறக்கும். காதுக்கு எட்டாத ஆரம்பக் கட்டத் தேய்மானம்கூட இந்தச் சுருளில் பிடிபடும். எனக்கு மிகவும் நம்பிக்கையான சோதனை இதுதான். ஒரு காசு செலவில்லை. எஞ்சினை ஓடவிட்டு ஒற்றைச் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிக் கேட்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. ஒரு சக்கரம் தரையிலும் மற்றது காற்றிலும் இருந்தால் காற்றில் இருப்பது மீட்டர் காட்டுவதைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். வீட்டில் அதைச் செய்ய வேண்டாம்.

இடது முன் பேரிங்தான் இங்கே முதலில் போகிறது என்பது என் கணிப்பு. சாலையின் இடது ஓரத்தில்தான் குழி, ஓரத்தில்தான் தண்ணீர், லாரிக்கு வழிவிட ஓரத்தில்தான் இறங்குகிறோம். குழியில் ஒரு முறை பலமாக விழுந்தாலே பந்துகள் ஓடும் தடத்தில் சிறு பள்ளம் விழுந்துவிடும். அன்றைக்குத் தெரியாது, பிறகுதான் முனக ஆரம்பிக்கும். தண்ணீரும் இப்படித்தான். நீண்ட தூரம் ஓடிச் சூடான ஹப் வெள்ளத்தில் முங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் ஓரமாகத் தண்ணீரை உறிஞ்சும். வெள்ளம் வடிந்து பல வாரம் கழித்துச் சத்தம் வந்தால் யாரும் அந்த வெள்ளத்தை நினைத்துப் பார்ப்பதில்லை.

இன்னொன்று: தோட்டத்தில் கிடக்கும் ராஃபியா கயிறு, கம்பித் துண்டு. அது ஹப்புக்கும் அதைத் தாங்கும் நக்கிளுக்கும் இடையில் சுற்றிக்கொண்டு சீலை அறுத்துவிடும். சக்கரத்தைக் கழற்றினால் அந்த இடத்தை டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

## அது டயர் சத்தமாகவும் இருக்கலாம்

பேரிங் என்று நினைத்து வரும் வண்டிகளில் கணிசமானவை டயர் கோளாறோடு வருகின்றன. டயரின் மேல் உள்ளங்கையை ஒரு திசையில் தடவுங்கள், பிறகு எதிர்த் திசையில் தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கி, மறுதிசையில் அரம் போல் உரசினால், அல்லது மேடு பள்ளமாகத் தட்டுப்பட்டால், முனகுவது டயர். தார் மாறும்போது சத்தமும் மாறினால் அதுவும் டயரையே காட்டும். பேரிங் சத்தம் சாலையைப் பார்த்து மாறாது. இன்னும் சந்தேகமா? முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றி ஓட்டுங்கள். சத்தம் டயரோடு சேர்ந்து இடம் மாறினால் பேரிங்கைத் தொட வேண்டாம். அலைன்மெண்டையும் அப்சார்பரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்து மெதுவாகத் திரும்பும்போது "டக் டக் டக்" என்று வந்தால் அது டிரைவ் ஷாஃப்டின் வெளி மூட்டு. ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் சிதறியிருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

## சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் ஆடுகிறது

தூக்கிய சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து, ஒரு கையால் தள்ளி மறு கையால் இழுங்கள். பிறகு இடமும் வலமுமாகப் பிடித்து அதே போல் செய்யுங்கள். இட வலமாக மட்டும் ஆட்டம் இருந்தால் டை ராட் அல்லது ஸ்டியரிங் ரேக். மேல் கீழாக மட்டும் ஆடினால் பால் ஜாயிண்டாகவும் இருக்கலாம். எப்படிப் பிடித்தாலும் ஆடினால் பேரிங்.

இதை உறுதிப்படுத்த உள்ளே ஒருவர் உட்கார்ந்து பிரேக்கை அழுத்திப் பிடிக்கட்டும். பிரேக் பிடித்ததும் டிஸ்க்கும் கேலிப்பரும் நக்கிளோடு ஒன்றாக இறுகிவிடும். நடுவில் இருக்கும் பேரிங்கின் ஆட்டம் மறைந்துபோகும். பிரேக் பிடித்தும் ஆட்டம் இருந்தால் கோளாறு பேரிங்குக்கு வெளியே, பால் ஜாயிண்டிலோ புஷ்ஷிலோ இருக்கிறது.

ஆடும் பேரிங்குக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. குண்டும் குழியுமான பாதையில் போய்விட்டு முதல் தடவை பிரேக்கை மிதித்தால் பெடல் ஆழமாக இறங்கும். இரண்டாவது மிதியில் சரியாக இருக்கும். டிஸ்க் அசைந்து அசைந்து பேடுகளைப் பின்னுக்குத் தள்ளியதால் வருவது இது. பிரேக் எண்ணெயில் காற்று புகுந்துவிட்டது என்று நினைத்து அதைத் திரும்பத் திரும்பப் பம்ப் அடித்து எடுப்பார்கள், தீராது. கையில் தெரியுமளவுக்கு ஆட்டம் வந்துவிட்ட பேரிங்கோடு கேமரன் மலைக்குப் போகாதீர்கள். பீடோருக்கும் போகாதீர்கள்.

## ஒரு ரிம் மட்டும் சுடுகிறது, கருகல் வாடை, பெட்ரோல் கூடுதலாகத் தின்கிறது

இது பிரேக் பிடித்துக்கொண்டிருப்பதன் அடையாளம். சமதளத்தில் எண்ணெய்ப் பெடலை விட்டவுடன் வண்டி தயங்கி நிற்கும். பிரேக் தொடாமல் ஓட்டும்போதே ஒரு பக்கம் இழுக்கும். இழுக்கும் பக்கம்தான் பிடித்திருக்கும் பக்கம். பிரேக் அழுத்தும்போது மட்டும் இழுத்தால் கதை வேறு: எந்தப் பக்கம் இழுக்கிறதோ அது நன்றாக வேலை செய்கிறது, எதிர்ப்பக்கம் வேலை செய்யாமல் கிடக்கிறது. ஒரு ரிம்மில் மட்டும் கருந்தூள் அதிகம் படிந்திருப்பதையும் கவனியுங்கள்.

டிஸ்க் பிரேக் ஓரளவு உரசத்தான் செய்யும். பெடலை விட்டதும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பதற்கு அங்கே ஸ்பிரிங் எதுவும் இல்லை. பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர வெட்டு ரப்பர் சீல், வளைந்த நிலையிலிருந்து திரும்பும்போது மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு அளவுக்குப் பிஸ்டனை இழுக்கும், அவ்வளவுதான். அதனால் மெல்லிய "சர்" சத்தம் கோளாறு ஆகாது. ஒரு கையால் சுழற்ற முடிகிறதா என்பதுதான் கேள்வி. இரண்டு கையும் போட்டு முக்க வேண்டியிருந்தால் பிரேக் பிடித்திருக்கிறது.

இனி யாரும் எதையும் கழற்றும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. சக்கரம் இறுகி நிற்கும் அந்த நேரத்திலேயே செய்ய வேண்டும். ஆறிய பிறகு விட்டுவிடும் பிரேக்குகள் உண்டு. கேலிப்பரில் இருக்கும், எண்ணெயையும் காற்றையும் வெளியே விடும் பிளீடர் நட்டைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். கண்ணைத் தள்ளி வையுங்கள், பிரேக் எண்ணெய் பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

எண்ணெய் பீறிட்டுச் சக்கரம் விடுபட்டால் உள்ளே அழுத்தம் அடைபட்டிருந்தது என்று பொருள். எண்ணெய் சொட்டியும் சக்கரம் இறுகியே இருந்தால், அழுத்தம் காரணமில்லை. கேலிப்பரிலேயே ஏதோ இரும்பு சிக்கியிருக்கிறது. இந்த ஒரே சோதனை பாதி வேலையை முடித்துவிடும்.

அழுத்தம் அடைபட்டிருந்தால் அடுத்த முறை இறுகும்போது, பிளீடரைத் தொடாமல், ரப்பர் ஹோஸ் இரும்புக் குழாயோடு சேரும் நட்டைத் தளர்த்துங்கள். அங்கே தளர்த்தியதும் சக்கரம் விட்டால் அழுத்தம் மேலே, பெடல் தள்ளும் மாஸ்டர் பம்பிலிருந்து வருகிறது. அங்கே விடாமல், பிளீடரைத் திறந்தால் மட்டும் விட்டால் குற்றவாளி ஹோஸ். வெளியே பார்க்கப் புதிது போல இருக்கும். உள் ரப்பர் மட்டும் உப்பி, துளை அடைந்திருக்கும். கால் அழுத்தும் பலத்துக்கு எண்ணெய் உள்ளே போய்விடும். திரும்பி வருவதற்கு அந்தச் சின்ன சீலின் பலம்தான் இருக்கிறது, அது போதாது. ஹோஸை மாற்றும்போது இரண்டு பக்கமும் மாற்றுங்கள், வயது ஒன்றுதான். சோதனை முடிந்ததும் காற்றை எடுத்து, பெடல் கெட்டியாக நிற்கிறதா என்று பார்க்காமல் வண்டியை நகர்த்தாதீர்கள்.

இரும்பு சிக்கியிருந்தால் மூன்று இடம். முதலில் சிலைடு பின். கேலிப்பர் இரண்டு பின்களின் மேல் இப்படியும் அப்படியும் நகர வேண்டும். ரப்பர் உறை கிழிந்து செம்மண்ணும் தண்ணீரும் போனால் பின் துருப்பிடித்து இறுகும். கையால் இழுத்தால் வர வேண்டும், விட்டால் வழுக்கிப் போக வேண்டும். பேடுகளைக் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: உள் பேடும் வெளிப் பேடும் ஒரே அளவில் தேயாமலோ, ஒன்று கோணலாகத் தேய்ந்தோ இருந்தால் பின்னையோ பிஸ்டனையோதான் சந்தேகிக்க வேண்டும். பின்னைச் சுத்தம் செய்து பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸைத் தடவுங்கள். பேரிங் கிரீஸைத் தடவினால் உள்ளே இருக்கும் ரப்பர் உப்பி, மறுபடியும் இறுகும். பல கார்களில் இரண்டு பின்களில் ஒன்றில் மட்டும் ரப்பர் வளையம் இருக்கும். எது மேல், எது கீழ் என்று கழற்றும்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பிஸ்டன். சி-கிளாம்ப் வைத்து மெதுவாக உள்ளே தள்ளினால் வழுக்கிப் போக வேண்டும். மல்லுக்கட்ட வேண்டியிருந்தால், தூசி உறையைத் தூக்கிப் பாருங்கள், துரு இருக்கும். ரிப்பேர் கிட் போட்டுப் பார்க்கலாம்; பிஸ்டனின் மேற்பூச்சு உரிந்திருந்தால் கிட் போட்டும் பயனில்லை. பின் சக்கரத்தில் டிஸ்க் உள்ள சில கார்களில், ஹேண்ட் பிரேக் கேலிப்பருக்குள்ளேயே இருக்கும். அந்தப் பிஸ்டனைச் சுழற்றித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். கிளாம்ப் வைத்து அழுத்தினால் உடையும்.

மூன்றாவது இடத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: பேடின் காதுகள் உட்காரும் தாங்கி. அங்கே உள்ள தகட்டுக் கிளிப்புக்கு அடியில் துரு வளர்ந்து கிளிப்பை மேலே தூக்கும், பேடு இறுகிக்கொள்ளும். புதுப் பேடு போட்ட மறுநாளிலிருந்து ரிம் சுட ஆரம்பித்தால் முதலில் இங்கே பாருங்கள். கிளிப்பைக் கழற்றி, துருவை அரத்தால் தேய்த்து எடுத்தால் தீர்ந்துவிடும்.

## ஓட ஓட பெடல் உயர்ந்து இறுகுகிறது, பல சக்கரங்கள் சேர்ந்து பிடிக்கின்றன

புறப்படும்போது நன்றாக இருக்கும். நாலைந்து முறை பிரேக் பிடித்த பிறகு பெடலில் விளையாட்டே இல்லாமல் மேலேயே நிற்கும், வண்டி இழுபடும், கடைசியில் நகராது. ஒரு மணி நேரம் நிறுத்தினால் தானாக விடும். இந்த அடையாளத்துக்கு எந்தக் கேலிப்பரையும் குற்றம் சொல்லாதீர்கள். முன் சக்கர இழுவைக் கார்கள் பலவற்றில் பிரேக் குழாய்கள் குறுக்கு மறுக்காகப் பிரிந்திருக்கும்; இடது முன்னும் வலது பின்னும் ஜோடியாகப் பிடித்தால் அதுவும் மாஸ்டர் பம்பைத்தான் காட்டுகிறது.

பெடலை விட்டதும் மாஸ்டர் பம்பின் பிஸ்டன் முழுதும் பின்னுக்கு வந்து, எண்ணெய் டப்பாவுக்குப் போகும் சிறு துளையைத் திறக்க வேண்டும். துளை திறக்காவிட்டால், சூட்டில் விரியும் எண்ணெய்க்குப் போக வழியில்லாமல் பிரேக்கையே தள்ளும். பம்பை, மிதிக்குப் பலம் சேர்க்கும் பூஸ்டரோடு பிடிக்கும் இரண்டு நட்டையும் தளர்த்தி, பம்பை ஒரு வாஷர் கனம் முன்னுக்கு இழுங்கள். சக்கரங்கள் விட்டால், பூஸ்டரிலிருந்து பம்பைத் தள்ளும் புஷ் ராட் நீளமாக இருக்கிறது. பூஸ்டர் மாற்றிய பிறகோ பம்ப் மாற்றிய பிறகோ இது வரும். பிரேக் லைட் சுவிட்சை அதிகமாகத் திருகிப் பெடலைக் கீழே தள்ளி வைத்திருந்தாலும் இதே கோளாறு வரும், அதை முதலில் பாருங்கள். இழுத்தும் விடாவிட்டால் துளை அடைந்திருக்கிறது, அல்லது பம்பின் ரப்பர் உப்பியிருக்கிறது.

ரப்பர் ஏன் உப்புகிறது? பிரேக் எண்ணெய் டப்பாவில் யாரோ எஞ்சின் எண்ணெயையோ பவர் ஸ்டியரிங் எண்ணெயையோ ஊற்றியிருப்பார்கள். டப்பா மூடிக்குள் இருக்கும் ரப்பரை வெளியே எடுத்துப் பாருங்கள். அது உப்பி, திரும்ப மூடிக்குள் அடங்க மறுத்தால் சந்தேகமே வேண்டாம். அதன் பிறகு எண்ணெயை மட்டும் மாற்றுவது போதாது. பம்ப், ஹோஸ், கேலிப்பர் சீல், வீல் சிலிண்டர் என்று ரப்பர் உள்ள அத்தனையையும் மாற்ற வேண்டும். பெரிய செலவு. தோட்டத்தில் ஒரே மேசையில் எல்லா டின்னும் அடுக்கி வைத்திருக்கும் வீடுகளில் பிரேக் எண்ணெயைத் தனியாக வையுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

## மலையிலிருந்து இறங்கும்போது பெடல் பஞ்சு போல் இறங்குகிறது

இது பிரேக் பிடித்துக்கொள்வதற்கு நேர் எதிர் அடையாளம், ஆனால் இதற்கும் வேர் சூடுதான். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற தரத்து எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4க்கு 230, ஈரம் ஏறினால் 155. கொதித்தால் ஆவிக் குமிழி உருவாகும், குமிழி அமுங்கும், பெடல் தரையைத் தொடும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை எண்ணெயை மாற்றுங்கள். மூடியைத் திறந்தே வைத்திருந்த பழைய டின்னை மலிவுக்காகப் பயன்படுத்தாதீர்கள். இறக்கத்தில் சிறிய கியரைப் போடுங்கள். ஆட்டோ வண்டியில் டி-யிலேயே விட்டுவிட்டு லாத்தா இஸ்கண்டார் அருவி வரை பிரேக்கிலேயே இறங்கி வருவது மிக ஆபத்து.

## பின் சக்கரம் பிடிக்கிறது

நம் ஊரில் ஓடும் கஞ்சில், விவா, சாகா, மைவி போன்றவற்றில் பெரும்பாலும் பின்னால் டிரம்தான். அங்கே முதல் சந்தேகம் ஹேண்ட் பிரேக் கேபிள். கேபிளின் உறை வெடித்து, செம்மண் சேறு உள்ளே போய், கம்பி உள்ளே போகும், திரும்பி வராது. ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு, உள்ளே இருக்கும் அட்ஜஸ்டரில் கேபிளைத் தளர்த்துங்கள். சக்கரம் விட்டால் கேபிள். விடாவிட்டால் டிரம்மைத் திறக்க வேண்டும்.

டிரம் வராவிட்டால் சுத்தியலால் விளிம்பில் மொத்தாதீர்கள். பல டிரம்களின் முகத்தில் மரை போட்ட இரண்டு துளை இருக்கும்; 8 மில்லிமீட்டர் போல்ட் இரண்டை மாறி மாறி இறுக்கினால் தானாக வெளியே வரும். உள்ளே ஸ்பிரிங் நீலம் பாரித்திருந்தால் சூட்டில் பலம் போய்விட்டது, மாற்றுங்கள். வீல் சிலிண்டர் உறையை விலக்கிப் பாருங்கள், ஈரம் இருந்தால் கசிவு. அட்ஜஸ்டர் இடதுக்கும் வலதுக்கும் வேறு வேறு. மாற்றிப் போட்டால் தன்னால் இறுகுவதற்குப் பதில் தளரும்.

தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டு ஒரு வாரம் கழித்து வந்து வண்டியை நகர்த்தினால் "டப்" என்று ஒரு சத்தத்தோடு விடுபடும். ஈரத்தில் நின்ற ஷூ டிரம்மோடு துருவால் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். ஓட்டிய பிறகு ரிம் சுடாவிட்டால் கவலை வேண்டாம். பல நாள் நிறுத்துவதாக இருந்தால் சமதளத்தில் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல் விடுவதே நல்லது.

## பேரிங்தான் என்று உறுதியான பிறகு

முதலில் அந்தச் சக்கரத்தின் பிரேக் கையால் சுற்றும்போது விடுகிறதா என்று இன்னொரு முறை பாருங்கள். பிறகு பேரிங். சத்தம் இல்லாத மறுபக்கத்தை ஜோடிக்காக மாற்றச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லலாம். நல்ல பேரிங்கைக் கழற்றுவதே அதைக் கெடுக்கும் வேலை.

நக்கிளுக்குள் அழுத்திப் போடும் வகை என்றால், பிரெஸ் மெஷின் உள்ள பட்டறைக்கே போங்கள். நக்கிளுக்குள் இறக்கும்போது பேரிங்கின் வெளி வளையத்தில் மட்டும் அழுத்த வேண்டும். ஹப்பை ஏற்றும்போது உள் வளையத்துக்கு அடியில் தாங்கல் கொடுக்க வேண்டும். இந்த முறை மாறினால் அழுத்தம் பந்துகள் வழியாகப் போய், புதுப் பேரிங் பிறந்த அன்றே சாகும். சுத்தியலால் அடித்து இறக்கினாலும் அதேதான். பேரிங் நழுவாமல் பூட்டும் சர்கிளிப்பைக் கழற்றியிருந்தால் அது திரும்பிப் போனதா என்று கேளுங்கள்.

ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள காரில், பல பேரிங்குகளின் ஒரு பக்கச் சீலில் காந்த வளையம் இருக்கும். அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து உட்கார வேண்டும். கண்ணுக்கு இரண்டு பக்கமும் ஒன்று போலவே தெரியும். ஒரு பேப்பர் கிளிப்பைக் கொண்டுபோனால் காந்தப் பக்கத்தில் ஒட்டும். பேரிங் மாற்றிய அன்றைக்கே ஏபிஎஸ் விளக்கு எரிந்தால், திருப்பிப் போட்டுவிட்டார்களா என்பதே முதல் கேள்வி.

ஷாஃப்ட் நட்டை அந்த மாடலுக்குரிய அளவில், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். காற்றுத் துப்பாக்கியால் "டர்ர்" என்று விட்டுவிடுவது இறுக்கம் கூடியும் போகலாம், குறைந்தும் போகலாம். இரண்டும் பேரிங்கைக் கொல்லும். அந்த நட்டை இறுக்காமல் வண்டியைத் தரையில் இறக்கி ஓர் அடிகூட உருட்டக் கூடாது. ஓரத்தை மடக்கிப் பூட்டும் வகை நட்டென்றால் புது நட்டு போடச் சொல்லுங்கள்.

பழைய கார்களில் சரிவு உருளைப் பேரிங் ஜோடியாக வரும். அதைச் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இறுக்கி உட்காரவைத்து, பிறகு தளர்த்தி, கையால் மட்டும் மறுபடி இறுக்கி, நட்டு கழலாமல் தடுக்கும் புது காட்டர் பின்னைப் போட வேண்டும். இங்கே பலமாக இறுக்குவது தவறு. நூலிழை அளவு தளர்வு இருந்தால்தான் சூட்டில் விரிய இடமிருக்கும்.

அகல ரிம்மும் ஸ்பேசரும் போட்டுச் சக்கரத்தை வெளியே தள்ளியிருந்தால், பாரம் பேரிங்கின் நடுவிலிருந்து விலகி விழும். எந்தப் பேரிங்கும் நீண்ட நாள் தாங்காது. வண்டி கழுவும் இடத்தில் தண்ணீர்த் துப்பாக்கியை ஹப்பின் சீலுக்கு நேராகப் பிடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் அதே பீடோர்ச் சாலையில், அதே வேகத்தில், பிரேக் தொடாமல் ஓட்டி, முதலில் செய்தது போல இடதையும் வலதையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் போயிருந்தால் பணத்தைக் கொடுங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு சக்கர நட்டுகளை ஒரு முறை ரெஞ்ச் வைத்து இறுக்கிப் பாருங்கள்.